பாறைக்கும் உறைபனிக்கும் ஒரே ஹார்னஸ் போதுமா?

வாசகர் கேள்வி – எங்கள் பதில்

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக உள்ளரங்குச் சுவரில் வாடகை ஹார்னஸ் (கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) போட்டு ஏறிவருகிறேன். மார்ச் மாதம் பாறை ஏறத் தாய்லாந்தின் கிராபிக்குப் போகிறேன். அடுத்த ஜனவரியில் தென்கொரியாவில் உறைந்த அருவி ஏறும் பயிற்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஹார்னஸ் வாங்கலாமா? கடையில் ‘ஆல்ரவுண்ட்’ என்று நாலைந்து எடுத்துக் காட்டினார்கள். என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. – ஈசூன் வாசகர்

பதில்: வாங்கலாம். ஆனால் எது வலுவானது என்று கடைக்காரரிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஈஎன் 12277 என்ற ஐரோப்பியத் தரத்தில் தேறிய இடுப்பு ஹார்னஸ் எதுவானாலும் 15 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்கியாக வேண்டும். புதிய ஒற்றைக் கயிறு (தனியாகப் பயன்படுத்தும் ஏறுகயிறு) அதற்குரிய தரச் சோதனையின் முதல் விழுதலில் 12 கிலோநியூட்டனுக்கு மேல் விசையைக் கடத்தக்கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மலிவான ஹார்னஸும் விலையுயர்ந்த ஹார்னஸும் உங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பது தெரியும். நீங்கள் பார்க்க வேண்டியவை பொருத்தம், கால் வளையம், கருவி மாட்டும் வசதி, மெத்தை ஆகிய நான்கும்தான்.

பொருத்தத்தில்தான் சிங்கப்பூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். குளிர்சாதனக் கடைக்குள் டி-ஷர்ட்டும் மெல்லிய கால்சட்டையுமாக நின்று போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். உறைந்த அருவியில் அதே இடுப்பின் மேல் உள்ளாடை, கம்பளிச் சட்டை, நீர்புகாக் கால்சட்டை என மூன்று அடுக்கு ஏறும். சுற்றளவு சாதாரணமாக 5 செ.மீ.க்கு மேல் கூடிவிடும். உங்கள் இடுப்பு டி-ஷர்ட்டோடு 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் ஓர் அளவு 71–81 என்றும் அடுத்தது 79–91 என்றும் இருந்தால், இரண்டாவதை எடுங்கள். முதலாவது இன்றைக்கு நன்றாக இருக்கும். ஜனவரியில் பக்கிளுக்கு அப்பால் நாடா மிஞ்சாது. இறுக்கியபின் பக்கிளுக்கு வெளியே குறைந்தது 8 செ.மீ. நாடா நிற்க வேண்டும். அளவு எடுக்கும் இடம் கால்சட்டை நிற்கும் இடமல்ல. இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, தொப்புளை ஒட்டி எடுங்கள். குளிர்கால உடுப்பை ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போய் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். கடையில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெரிய அளவை எடுத்தால் ஒரு சங்கடம் வரும். டி-ஷர்ட்டோடு போடும்போது பட்டையைக் கடைசிவரை இழுக்க வேண்டியிருக்கும். ஒரே பக்கிள் உள்ள பட்டையில் அப்படி இழுத்தால் மெத்தை ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஒரு பக்கக் கருவி வளையங்கள் வயிற்றுக்கு வரும், மறுபக்கத்தவை முதுகுக்குப் போகும். இடமும் வலமும் ஒவ்வொரு பக்கிள் உள்ள மாதிரியில் இந்தத் தொல்லை இல்லை. இருபுறமும் சமமாக இழுத்தால் பிலே லூப் (துணை ஏறுநரின் கயிற்றைப் பிடிக்கும் கருவியை மாட்ட முன்னால் உள்ள நாடா வளையம்) நடுவிலேயே நிற்கும். கோடைக்கும் குளிருக்கும் ஒன்றையே போடப்போகிறவருக்கு இரண்டு பக்கிள் என்பதே எங்கள் பரிந்துரை.

அடுத்து கால் வளையம். உள்ளரங்குக்கும் கிராபிக்கும் எலாஸ்டிக் வைத்த, பக்கிள் இல்லாத வளையமே போதும், எடையும் குறைவு. ஆனால் அதே வளையம் தடித்த கால்சட்டை மேல் ஏறாது, ஏறினாலும் முழங்காலைத் தூக்க விடாது. ஆகவே உங்களுக்கு வேண்டியது பக்கிள் வைத்துத் தளர்த்தி இறுக்கக்கூடியது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தளர்த்த முடிகிற வளையம் எல்லாம் முழுதாகத் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் காலை உள்ளே நுழைத்துத்தான் போட வேண்டும். கிராம்பான் (பனியில் பிடிக்கப் பூட்ஸின் அடியில் கட்டும் முள்சட்டம்) மாட்டிய பூட்ஸை அதற்குள் நுழைத்தால் முள் நாடாவைக் கிழித்துவிடும். உங்கள் கொரியப் பயிற்சியில் அடிவாரத்தில் முதலில் ஹார்னஸ், பிறகு கிராம்பான் என்ற வரிசையில் மாட்டிக்கொண்டால் போதும். பனியாற்றில் நாள்கணக்கில் நடப்பவருக்குத்தான் முழுதாகத் திறக்கும் வளையம் அவசியமாகிறது.

கருவி வளையம் நான்கு இருக்கட்டும். முன்னிரண்டும் விறைப்பான பிளாஸ்டிக் உறையோடு வெளியே துருத்தி நின்றால் கையுறையோடு குயிக்டிரா (கயிற்றைப் பாறை ஆணியோடு இணைக்கும் இரட்டைக் கொக்கி) மாட்ட எளிது. கிராபியில் ஒரு தடத்துக்கு 12 முதல் 15 குயிக்டிரா வரை எடுத்துப்போக வேண்டியிருக்கும். இரண்டே வளையம் இருந்தால் நெருக்கியடித்துக்கொண்டு தொங்கும். அதோடு ஐஸ் ஸ்குரூ (பனிக்கட்டியில் திருகி இறக்கும் குழாய்த் திருகாணி) தாங்கும் பிளாஸ்டிக் கொக்கியைச் செருகுவதற்கான துளை, பக்கத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். வாங்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். துளை இல்லாத ஹார்னஸில் பின்னால் அதைச் சேர்க்க நல்ல வழி கிடையாது. நீங்களாக நாடாவில் ஓட்டை போடவோ தைக்கவோ கூடாது.

மெத்தையைப் பொறுத்தவரை பொதுவான நினைப்புக்கு நேர்மாறாக நடக்கிறது. மெத்தை அதிகம் தேவைப்படுவது சுவரிலும் பாறையிலும்தான். அங்கேதான் விழுந்து விழுந்து தொங்கிப் பழகுகிறோம், மேலே உள்ளது மெல்லிய உடுப்பு. உறைபனியில் முன்னேறுபவர் விழவே கூடாது என்பதுதான் பாடம். காலிலும் கையிலும் கூர்முனை இருக்கும்போது விழுதல் எலும்பை முறிக்கும். இடையிடையே தொங்கினாலும் மூன்றடுக்கு உடுப்பே மெத்தையாகிவிடும். தடித்த பஞ்சுமெத்தை வேறொரு வகையில் காலைவாரும். அருவியின் உருகுநீர் சொட்டி அதில் ஊறும், நிழலில் உறையும், மறுநாள் காலை பலகைபோல விறைத்துக் கிடக்கும். சிங்கப்பூரில் அதே பஞ்சு வியர்வையை உறிஞ்சி நாறும். ஆகவே நீரை உறிஞ்சாத நுரை வைத்தது, அல்லது நாடாவைப் பல கிளையாகப் பிரித்து எடையைப் பரவவிடும் மெல்லிய வகை, இரண்டு நாட்டுக்கும் ஒத்துவரும். இந்த மாதிரிகள் பெரும்பாலும் 350 முதல் 450 கிராம் எடை இருக்கும். அதைவிட 100 கிராம் குறைப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது உங்கள் நிலையில் வீண்.

கேள்வி: இடுப்பு சரியாக இருந்தால் தொடை இறுக்குகிறது, தொடை சரியாக இருந்தால் பட்டை விலா எலும்புக்கு ஏறுகிறது. பெண்களுக்கென்று விற்கும் மாதிரிதான் வாங்க வேண்டுமா, அல்லது அது நிறம் மாற்றி விலை ஏற்றும் தந்திரமா? – தெம்பனிஸ் வாசகி

பதில்: நிறம் மட்டும் மாற்றியவையும் சந்தையில் உண்டு; ஆனால் உண்மையான வேறுபாடும் இருக்கிறது. இடுப்புப் பட்டைக்கும் கால் வளையத்துக்கும் இடையிலுள்ள உயரம் பெண்களுக்கான மாதிரியில் கூடுதலாக இருக்கும். இடுப்போடு ஒப்பிட்டால் தொடை வளையமும் அகலமாக இருக்கும். அந்த உயரம் உங்களுக்குக் குறைவாக இருந்தால் கால் வளையம் பட்டையைக் கீழே இழுக்கும். கூடுதலாக இருந்தால் தொங்கும்போது எடை முழுவதும் இடுப்புக்கு வந்து, பட்டை விலாவுக்கு ஏறும். நீங்கள் சொல்லும் கோளாறு பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. அட்டையில் ஆண் என்றிருக்கிறதா பெண் என்றிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். குட்டையான உடற்பகுதி உள்ள ஆண்களும் பெண்கள் மாதிரியில் வசதியாக ஏறுகிறார்கள், மறுதலையும் உண்டு. செருப்புக்காகக் காலை வெட்ட முடியாது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை இது. பட்டையை இறுக்கியபின் இரு கையாலும் பிடித்து இடுப்பெலும்புக்குக் கீழே தள்ளிப் பாருங்கள். ஒரு விரற்கடை இறங்கினால் பாதகமில்லை. எலும்பைத் தாண்டி வழுக்கினால் அந்த அளவை மறந்துவிடுங்கள். தலைகீழாகப் புரண்டால் அதிலிருந்து உருவிக்கொண்டு விழ வாய்ப்புண்டு. கால் வளையத்துக்கும் தொடைக்கும் நடுவே தட்டையாக உள்ளங்கை நுழைய வேண்டும். பிறகு தொங்குங்கள். ஒரு நிமிடம் போதாது, குறைந்தது ஐந்து நிமிடம். தொடையின் உட்பக்கம் மரத்துப்போவதும் விலாவில் வெட்டுவதும் மூன்றாம் நிமிடத்துக்குமேல்தான் தெரியவரும். தொங்கிப் பார்க்க இடமில்லாத கடையானால், ஏறுசுவரோடு சேர்ந்த கடைக்குப் போங்கள்.

உறைபனிக்கும் போகும் எண்ணமிருந்தால் பின்பக்க எலாஸ்டிக் நாடாவையும் பாருங்கள். கால் வளையத்தைப் பட்டையோடு இணைக்கும் அந்த நாடா கொக்கி போட்டுக் கழற்றும்படி இருந்தால், இடுப்புப் பட்டையும் கயிறும் அப்படியே இருக்க, இயற்கை உபாதைக்கு ஒதுங்கிக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் கயிற்றில் இருக்கும் நாளில் அதன் அருமை புரியும்.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன். நிறுவனம் கொடுத்த முழு உடல் ஹார்னஸ் நல்ல நிலையில் இருக்கிறது. விடுமுறை நாளில் நண்பர்களோடு பாறை ஏற அதையே போடலாமா? – துவாஸ் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. குறை உங்கள் ஹார்னஸில் இல்லை, அதன் வேலை வேறு. சிங்கப்பூரில் எஸ்எஸ் 528, ஐரோப்பாவில் ஈஎன் 361 என்ற தரங்களில் வரும் வேலைத்தள ஹார்னஸ், முதுகில் உள்ள டி வளையத்தில் மாட்டிய அதிர்வுதாங்கி வார் உங்களை ஒருமுறை பிடித்து நிமிர்ந்த நிலையில் நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. அந்த வாரிலுள்ள மடிப்புத் தையல் பிரிந்து பிரிந்து விசையை 6 கிலோநியூட்டனுக்குள் அடக்கும். பாறையில் அந்த வார் கிடையாது. நீளும் தன்மையுள்ள கயிறே அதிர்வைத் தாங்குகிறது. அந்தக் கயிற்றை இடுப்பின் முன்னால் கட்ட வேண்டும். முதுகில் கட்டினால் விழும்போது முகம் பாறையில் மோதும், கையால் தடுக்கவும் முடியாது. எதிரே ஏறுபவருக்கு பிலே கொடுக்கவும் (கயிற்றைப் பிடித்துக் காக்கவும்) முன்னால் லூப் வேண்டும்.

இதைத் திருப்பிப்போட்டும் நினைவில் வையுங்கள். ஏறுசுவர் ஹார்னஸைப் போட்டுக்கொண்டு சாரத்தில் வேலை செய்யக்கூடாது. முதல் முறை போகும் உங்களுக்கு வாடகை ஹார்னஸே போதும்.

கேள்வி: கயிற்றை பிலே லூப்பில் கட்டலாமா, அல்லது அதன் மேலும் கீழும் உள்ள இரண்டு வளையங்களில் நுழைத்துத்தான் கட்ட வேண்டுமா? இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். – பொங்கோல் வாசகர்

பதில்: கயிறு இரண்டு வளையங்களிலும் நுழைய வேண்டும், காரபினர் (திறந்து மூடும் உலோகக் கொக்கி) பிலே லூப்பில் மாட்ட வேண்டும். இப்படிப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. கயிறு வளைந்து கொடுக்கும் என்பதால் கால் வளையத்தையும் இடுப்புப் பட்டையையும் ஒருசேரப் பிடிக்கும். காரபினரை அதே இரு வளையத்திலும் போட்டால் மூன்று பக்கமும் இழுபட்டுக் குறுக்கே திரும்பும். அந்த நிலையில் அதன் வலு வெகுவாகக் குறையும்.

எட்டு முடிச்சு போட்ட கயிற்றின் நுனியைக் கீழ் வளையத்தில் தொடங்கி மேல் வளையம் வழியே எடுத்து, முடிச்சைத் தொடர்ந்து திருப்பிக் கட்டுங்கள். உருவாகும் கண்ணி ஒரு கைமுட்டி அளவுக்கு மேல் போக வேண்டாம். வால் கயிற்றின் தடிமனைப்போல் பத்து மடங்கு, அதாவது 10 மி.மீ. கயிற்றுக்கு 10 செ.மீ. நிற்கட்டும். உலகப் புகழ்பெற்ற ஏறுநர் லின் ஹில் 1989-இல் பிரான்சின் பியூ பாறையில் 20 மீட்டருக்கு மேலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அவருடைய ஹார்னஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிற்றை நுழைத்த அவரே முடிச்சை முடிக்காமல் விட்டிருந்தார், மேலே மாட்டியிருந்த சட்டை அதை மறைத்திருந்தது. உறைபனியில் தடித்த சட்டையின் விளிம்பு எப்போதும் முடிச்சின் மேல்தான் கிடக்கும். ஆகவே சட்டையைத் தூக்கிவிட்டு, கையுறையைக் கழற்றி, முடிச்சைத் தொட்டுப் பார்ப்பதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். துணை ஏறுநரும் பார்க்கட்டும்.

பிலே லூப்பைப் பற்றி ஒரு கசப்பான பாடமும் இருக்கிறது. 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில், லீனிங் டவர் பாறையிலிருந்து இறங்கும்போது டாட் ஸ்கின்னர் இறந்தார். தேய்ந்துபோயிருந்த பிலே லூப் அறுந்ததே காரணம். ஸ்லிங்கை (நாடாக் கண்ணியை) பிலே லூப்பில் முடிந்து மாட்டி அதே இடத்தில் விட்டுவைத்தால் நாடாவின் ஒரே பகுதி திரும்பத் திரும்ப உரசும், லூப் சுழலாமல் நின்றுவிடும். ஸ்லிங்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பினால் கயிறு கட்டும் இரு வளையங்களிலும் சேர்த்து முடியுங்கள். நாள் முடிவில் அவிழ்த்துவிடுங்கள்.

கருவி வளையத்தில் உங்களை நீங்களே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தோம். ஆனால் களைத்துப்போன ஆள் குனிந்து பார்க்காமல் ஆட்டோ பிலே (ஏறுசுவரின் மேல் பொருத்திய தானியங்கிக் காப்புக்கருவி) கொக்கியைப் பக்கவாட்டு வளையத்தில் மாட்டுவது நடக்கக்கூடியதுதான். அது சில கிலோ கருவியைத் தாங்கத் தைத்தது. ஆள் எடைக்குப் பிய்ந்துவிடும்.

கேள்வி: ஐஸ் ஸ்குரூக்களை ஹார்னஸில் எப்படி அடுக்குவது? சாதாரண காரபினரில் கோத்து மாட்டினால் என்ன? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: கோத்து மாட்டினால் ஒன்றை எடுக்கப்போய் மூன்று கீழே விழும். ஒரு கையால் ஐஸ் கோடரியில் தொங்கிக்கொண்டு, மறு கையால், அதுவும் தடித்த கையுறையோடு எடுக்க வேண்டிய பொருள் அது. வாய் அகன்ற பிளாஸ்டிக் கொக்கி அதற்காகவே வந்தது. ஒரு கொக்கியில் ஐந்து ஆறு ஸ்குரூ வசதியாகத் தொங்கும். நீண்ட ஏற்றத்துக்கு 10 முதல் 12 வரை எடுத்துப்போவார்கள் என்பதால் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என இரண்டு கொக்கி வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருந்தால் கோடரியைச் சற்று நேரம் மாட்டிவைக்கலாம்.

எங்கே செருகுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மிக முன்னால் வைத்தால் முழங்காலைத் தூக்கும்போது தொடை ஸ்குரூவைத் தள்ளி, கொக்கியிலிருந்து கழற்றிவிடும். மிகப் பின்னால் வைத்தால் கண்ணுக்கும் கைக்கும் எட்டாது, பையின் இடுப்பு வார் அதன் மேல் உட்கார்ந்துவிடும். கால்சட்டையின் பக்கத்தையலுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முழங்காலை இடுப்புயரம் தூக்கிப் பாருங்கள். இடிக்காவிட்டால் அதுதான் இடம். ஸ்குரூவின் பல்முனை பின்பக்கம் பார்க்க வேண்டும். முன்னால் பார்த்தால் கால்சட்டையைக் கிழிக்கும், கயிற்றையும் சுரண்டும்.

அடுக்கும் வரிசை இப்படி இருக்கலாம்: பனிப்படலம் மெலிந்த இடத்துக்கான 10, 13 செ.மீ. ஸ்குரூக்கள் முன்னால், அதிகம் பயன்படும் 16 செ.மீ. நடுவில், 19 முதல் 22 செ.மீ. வரையிலான ஒன்றிரண்டு கடைசியில். நீளமானவை நங்கூரத்துக்கும், இறங்கும்போது பனிக்கட்டியில் இரண்டு துளையைச் சாய்வாகத் துளைத்துச் சந்திக்கவைத்து நாடா கோக்கும் அபலக்கோவ் முறைக்கும் வேண்டியிருக்கும். சோவியத் ஏறுநர் விட்டாலி அபலக்கோவின் பெயரால் அழைக்கப்படுவது அது.

கொக்கி கடுங்குளிரில் நொறுங்கக்கூடும். ஒன்றைக் கூடுதலாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் வரவேற்பறையில் நின்று, பனிக் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஸ்குரூவை எடுத்து மாட்டிப் பழகுங்கள். பத்து நிமிடத்தில் வேர்த்துவிடும். ஆனால் எந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: நேப்பாளத்தில் ஐலண்ட் பீக் ஏற முன்பதிவு செய்திருக்கிறோம், ஐந்து பேர். யாருக்கும் பாறை ஏற்றத்தில் ஆர்வமில்லை. ஆல்ரவுண்ட் ஹார்னஸ் அவசியமா? – செங்காங் வாசகி

பதில்: அவசியமில்லை. 6,189 மீட்டர் என்று வரைபடங்களில் காணப்படும் அந்தச் சிகரத்தில் நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் நடை. மேலே கடைசிச் சரிவில் ஏற்கெனவே கட்டிவைத்த கயிற்றில் ஜூமார் (கயிற்றில் மேல்நோக்கி மட்டும் நகரும் பிடிகருவி) போட்டு ஏறி, எட்டு வடிவ இறங்குகருவியால் இறங்குவீர்கள். இதற்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள மெல்லிய மலையேற்ற ஹார்னஸ் போதும். மெத்தை தேவையில்லை, கருவி வளையம் இரண்டு இருந்தாலே மிச்சம். ஆனால் கால் வளையம் முழுதாகத் திறப்பதாக இருக்கட்டும். அதிகாலை இருட்டில், இரட்டை பூட்ஸும் கிராம்பானும் மாட்டியபின் ஹார்னஸ் போட வேண்டிவரலாம். இறகுக் கால்சட்டைக்கு மேல் போட்டு அளவு பாருங்கள். இறகுச் சட்டையின் விளிம்பு பட்டைக்கு மேலே நிற்கும்படி விடுங்கள். பட்டைக்குள் மாட்டிக்கொண்டால் பிலே லூப்பே கண்ணில் படாது.

சுக்குங்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதன் வயதும் வரலாறும் உங்களுக்குத் தெரியாது, அளவும் அங்கே இருப்பதுதான். 300 கிராமை உங்கள் பையிலேயே கொண்டுபோவது மேல். போகுமுன் இங்கே ஏதாவது ஏறுசுவரில் நான்கைந்து முறை அதைப் போட்டு ஜூமாரும் இறங்குகருவியும் பழகிக்கொள்ளுங்கள். காற்று மெலிந்த உயரத்தில் புதிய பக்கிளோடு மல்லாடக் கூடாது.

கேள்வி: ஹார்னஸில் கரும்புள்ளி பூஞ்சை பூத்திருக்கிறது, வாடையும் அடிக்கிறது. வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது. தூக்கிப்போட வேண்டுமா? – ஜூரோங் வாசகர்

பதில்: பூஞ்சைக்காக மட்டும் தூக்கிப்போட வேண்டாம். நைலான் பருத்தியைப் போல எளிதில் பூஞ்சைக்கு இரையாவதில்லை. பூஞ்சை பிடிப்பது அதில் தங்கிய வியர்வையையும் அழுக்கையும். 30 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் மென்மையான சவர்க்காரம் கரைத்து, அரை மணி ஊறவைத்து, மென்தூரிகையால் தேய்த்து, சோப்பு போகும்வரை அலசுங்கள். குளோரின் கலந்த வெளுப்பான் கூடவே கூடாது. கறை போவதோடு நாரும் நலிந்துவிடும். அமிலம் அதைவிட மோசம். கழிவறை கழுவும் அமிலமும் கார் பேட்டரியும் இருக்கும் பொருளறையில் ஹார்னஸை வைக்காதீர்கள். உலர்த்துவது நிழலில், மின்விசிறிக் காற்றில். வீவக வீட்டு மூங்கில் கழியில் மாட்டி நண்பகல் வெயிலில் விட்டால் புற ஊதாக் கதிர் நைலானைத் தின்னும். முழுக்க உலர இங்குள்ள ஈரப்பதத்தில் ஒன்றரை நாள்கூட ஆகலாம். அதற்குள் பைக்குள் திணித்தால் பழைய கதைதான். கிராபி போய்வந்தால் அன்றே நன்னீரில் அலசுங்கள். அங்கே கடலோரப் பாறையில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே விரிசல்விட்டதால் டைட்டேனியம் ஆணிக்கு மாறினார்கள். உங்கள் பக்கிளையும் அந்த உப்பு விட்டுவைக்காது. கொசு விரட்டியில் உள்ள டீட் நைலானைக் கெடுக்காது, ஆனால் சில பிளாஸ்டிக்கையும் எலாஸ்டிக்கையும் கெடுக்கும். பூசிய கையைத் துடைத்துவிட்டு ஹார்னஸைத் தொடுங்கள்.

பூஞ்சையைவிட முக்கியமான கேள்வி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. வாரம் இரு முறை, முறைக்குப் பத்து ஏற்றம் என்றால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் ஏற்ற இறக்கம். ஒவ்வொரு தடவையும் முடிச்சு உரசுவது கீழ் வளையத்தில், அதாவது கால் வளையங்களை இணைக்கும் இடத்தில். அதனால் சோதனையை அங்கே தொடங்குங்கள். மேல் நாடா பஞ்சுபோல் லேசாகப் பிசிறியிருந்தால் பயமில்லை. நூல் அறுந்திருந்தாலோ, உள்ளே வேறு நிறத்தில் எச்சரிக்கை நூல் வைத்த மாதிரியில் அது எட்டிப்பார்த்தாலோ அன்றோடு சரி. பிலே லூப்பை விரல்களுக்கு நடுவே முழுச்சுற்றாக உருட்டி, குறுக்குத் தையல் ஒவ்வொன்றையும் பாருங்கள். எங்காவது நாடா கண்ணாடிபோல் பளபளத்து விறைத்திருந்தால் அது உருகிய தடம். நைலானின் மேல் நைலான் ஓடி உரசியிருக்கிறது. பக்கிளுக்குள் மறைந்திருக்கும் நாடாவையும் வெளியே இழுத்துப் பாருங்கள். அங்கே மணல் தங்கி அறுக்கும். டெய்ரி ஃபார்ம் கருங்கல்லடியில் உட்கார்ந்து பிலே கொடுக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இது நிச்சயம்.

பல தயாரிப்பாளர்கள் துணிப்பொருளுக்கு அதிகபட்சம் 10 ஆண்டு என்கிறார்கள். அது அலமாரியில் தூங்கிய ஹார்னஸுக்கும் சேர்த்துச் சொன்ன எல்லை. உங்களைப் போல வாராவாரம் ஏறுபவரின் ஹார்னஸ் இரண்டு மூன்று ஆண்டிலேயே ஓய்வு கேட்கலாம். ஓய்வு கொடுத்தால் கத்தரியால் பிலே லூப்பையும் பட்டையையும் வெட்டிப்போடுங்கள். குப்பையிலிருந்து எடுத்து யாரும் போட்டுவிடக் கூடாது.

கேள்வி: கரோசல் இணையச் சந்தையில் பாதி விலைக்கு, “ஒரே முறை போட்டது” என்று ஒரு ஹார்னஸ் வந்திருக்கிறது. வாங்கலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: விற்பவர் உங்களோடு ஏறும் நண்பராக இருந்தால் யோசிக்கலாம். தெரியாதவர் என்றால் விட்டுவிடுங்கள். அமிலம் பட்ட நைலான் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். புதிதாக வாங்கும்போதும் உள்ளே தைத்த சீட்டைப் படியுங்கள். சிஇ குறி, அதன் பக்கத்தில் நான்கு இலக்க எண், ஈஎன் 12277, அதன் கீழ் சி (இடுப்பு ஹார்னஸ்) என்ற வகை, தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும். அந்த நான்கு இலக்க எண், தயாரிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு நிறுவனத்துக்குரியது. 0082, 0123 போன்றவற்றை அடிக்கடி காணலாம். எண் இல்லாமல் சிஇ என்ற இரண்டெழுத்து மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் பெயரை எழுத வேண்டுமானால் அந்தச் சீட்டில் மட்டும் எழுதுங்கள், நாடாவில் மை வேண்டாம்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்குச் சிறிய அளவு இடுப்பு ஹார்னஸ் போதுமா? – பிடோக் வாசகி

பதில்: போதாது. அந்த வயதில் இடுப்பெலும்பு பட்டையைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு அகலமாவதில்லை, தலையும் உடலோடு ஒப்பிட்டால் கனம். புரண்டால் உருவிவிடும். 40 கிலோ வரையுள்ளவர்களுக்கான பி வகை முழு உடல் ஹார்னஸ் வாங்குங்கள். அதில் கயிறு மார்புயரத்தில் கட்டப்படும். தெம்பனிஸ் வாசகிக்குச் சொன்ன தள்ளிப்பார்க்கும் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். பட்டை எலும்பைத் தாண்டாத நாள் வரும்போது இடுப்பு ஹார்னஸுக்கு மாற்றலாம்.